‘பிறர்வாய்த் தகவல்’: வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புக்கு ஒரு கலைச்சொல்

அன்புடையீர், வணக்கம்.

வேலைவாய்ப்புப் புள்ளிவிவரங்களின் நம்பகத்தன்மை குறித்த கலைச்சொற்களைத் தொகுத்துவரும் இவ்விழையில், ‘பிராக்சி ரெஸ்பான்ஸ்’ என்பதற்குப் ‘பதிலி விடை’, ‘பதிலாள் மறுமொழி’ என்னும் இரு பரிந்துரைகள் வந்துள்ளன. ஒருவரைப் பற்றிய கேள்விக்கு அவரே விடை கூறாமல், அதே வீட்டிலுள்ள வேறொருவர் கூறும் விடையை இது குறிக்கிறது. இரண்டு பரிந்துரைகளையும் ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ‘பிறர்வாய்த் தகவல்’ என்பதை முன்மொழிகிறேன்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். கிராமத்து வீடொன்றுக்குக் கணக்கெடுப்பாளர் நண்பகலில் செல்கிறார். திண்ணையில் இருக்கும் மாமியார் எல்லோருக்குமாக விடை சொல்கிறார். மருமகளைப் பற்றிக் கேட்டால், “அவ வீட்டுல சும்மாதான் இருக்கா” என்கிறார். அந்த மருமகள் அன்று விடியற்காலையில் மாடு கறந்து, பால் சங்கத்தில் ஊற்றிவிட்டு, புல்லறுக்கப் போயிருக்கிறாள். விற்பனைக்கான பாலுக்கு உழைக்கும் அவளுக்குக் கணக்கெடுப்பில் உரிய வேலைநிலைக் குறியீடு 21. அதாவது, குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவர். அட்டவணையில் ஏறுவதோ குறியீடு 92. அதாவது, வீட்டு வேலை மட்டும் செய்பவர். அந்த ஒரு சொல்லால் அவள் உழைப்பாளர் தொகையிலிருந்தே வெளியேறிவிடுகிறாள். அதே மாமியார், மாலை வேளைகளில் உணவு விநியோகத்துக்குச் செல்லும் மகனைப் பற்றி, “வேலை தேடிக்கிட்டு இருக்கான்” என்று சொல்லக்கூடும். முந்தைய ஏழு நாட்களில் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்திருந்தால், நடப்பு வாரநிலைக் கணக்கின்படி அவன் வேலையில் இருப்பவன். ஆனால் மாமியாரின் விடை அவனை வேலையற்றோர் பட்டியலில் சேர்த்துவிடும். மாமியார் பொய் சொல்லவில்லை. தமக்குத் தெரிந்ததை, தாம் ‘வேலை’ என்று கருதுவதைக் கொண்டு சொல்கிறார்.

பி.எல்.எஃப்.எஸ். என்று வழங்கும், இந்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு 2017 ஏப்ரலில் தொடங்கியது. 2025 ஜனவரி முதல் அதன் அமைப்பு மாற்றப்பட்டு, ஆண்டுக்கு 1,02,400 ஆக இருந்த மாதிரிக் குடும்பங்களின் எண்ணிக்கை 2,72,304 ஆக உயர்த்தப்பட்டது. மாதாந்திர முடிவுகளும் அதே ஆண்டு மே மாதம் முதல் வெளிவருகின்றன. இவற்றை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும், மாதிரி பெரிதாகும்போது குறைவது கூறெடுப்புப் பிழை, அதாவது எல்லோரையும் கேளாமல் சிலரை மட்டும் கேட்பதால் வரும் பிழை, மட்டுமே. இரண்டே முக்கால் லட்சம் குடும்பங்களிலும் மாமியாரே விடை சொன்னால், பிறர் விடையால் வரும் பிழை இன்னும் உறுதியான எண்ணாகப் பதிவாகுமே தவிர, குறையாது. நம்பகத்தன்மை பற்றிய பேச்சில் இந்த வகைப் பிழைக்குத் தமிழில் ஒரு நிலையான பெயரே இல்லாமலிருப்பது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது.

பிழையின் அளவு சிறிதன்று. தான்சானியாவில் நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட சோதனை ஆய்வொன்றில், கேள்விகளின் விரிவையும் விடை சொல்பவரையும் மாற்றிமாற்றிப் பார்த்தபோது, உழைப்பாளர் பங்கேற்பு விகிதம் (வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் சேர்ந்த பங்கு) 10 சதவீதப் புள்ளிகள் வரை வேறுபட்டது. பிறர் விடை சொன்னபோது ஆண்களின் பங்கேற்பு குறைந்து பதிவானது. பெண்களின் வேலை நேரமும் குறைந்தது. விடை சொல்பவருக்கும் பேசப்படுபவருக்கும் இடையிலான வயது இடைவெளி இதில் முக்கியப் பங்கு வகித்ததாக அவ்வாய்வு கண்டது. பெண்களின் உழைப்பு மட்டுமே மறைகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இது வியப்பளிக்கும். இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பங்கேற்பு விகிதம் 2017-18இல் 23.3 சதவீதமாக இருந்து 2023-24இல் 41.7 சதவீதமாகியுள்ளது. அந்த உயர்வில் மெய்யாகவே கூடிய வேலை எவ்வளவு, முன்பு விடுபட்டு இப்போது பதிவானது எவ்வளவு என்று ஆராய விரும்புவோர், விடை யார் வாயிலிருந்து வந்தது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ‘பதில்’ என்பது தமிழில் விடையையும் குறிக்கும், ஈட்டையும் குறிக்கும். ஆகவே ‘பதிலாளர்’ என்றால் விடை சொல்பவரா, இன்னொருவருக்காக நிற்பவரா என்பது தெளிவாகாது. ‘பதிலாளின் பதில்’ என்று எழுத நேர்ந்தால் குழப்பம் முற்றிவிடும். ‘பதிலி’யை விலக்கச் சொல்வதற்கு இன்னும் வலுவான காரணம் உண்டு. தேர்ந்தெடுத்த வீடு பூட்டியிருந்தாலோ, அங்குள்ளோர் ஒத்துழைக்க மறுத்தாலோ, அதற்கு ஈடாக வேறொரு குடும்பத்தைச் சேர்ப்பது மாதிரிக் கணக்கெடுப்பில் வழக்கம். பி.எல்.எஃப்.எஸ். அலகுநிலைத் தரவில், அதாவது குடும்பவாரியாகவும் ஆள்வாரியாகவும் உள்ள மூலத் தரவில், இதற்கெனத் தனிப் புலமே (பதிவுக் கட்டமே) இருக்கிறது. தகவல் தந்தவரின் வரிசை எண்ணுக்கும் மற்றொரு புலம் இருக்கிறது. முன்னதைப் ‘பதிலிக் குடும்பம்’ என்பதே இயல்பு. பின்னதற்கும் ‘பதிலி’யையே வைத்தால், ஒரே ஆவணத்தில் இரு வேறு பிழைகளுக்கு ஒரே பெயராகிவிடும்.

‘பிறர்வழித் தகவல்’ என்னலாமே என்று கேட்கலாம். அதே குடும்பத்தை மீண்டும் அணுகும் மறுவருகைகளின்போது தொலைபேசியிலும் தகவல் பெறப்படுவதால், ‘தொலைபேசிவழி’, ‘நேர்வழி’ என்று தகவல் வரும் ஊடகத்தைச் சொல்ல ‘வழி’ நமக்கு வேண்டும். ஆளைச் சொல்ல ‘வாய்’ இருக்கட்டும். ‘அவர் வாயாலேயே கேட்டேன்’ என்னும் பேச்சுவழக்கு இதற்குத் துணைநிற்கிறது. எதிர்ச்சொல்லாகத் ‘தன்வாய்த் தகவல்’ தானாகவே அமைகிறது. ‘பிறர்வாய்’ என்பதில் வம்புப்பேச்சின் சாயல் ஒட்டியிருப்பதாக அம்மையார் ஒருவர் தனிமடலில் சுட்டினார். அது நியாயமான ஐயமே. ஆனாலும், ‘தகவல்’ உடன் நிற்கும்போது அச்சாயல் மங்கிவிடுகிறது என்பது என் கருத்து.

இதிலிருந்து ‘பிறர்வாய்த் தகவல் விகிதம்’ என்னும் சொல்லையும் ஆக்கிக்கொள்ளலாம். தகவல் தந்தவரின் வரிசை எண் தரவில் இருப்பதால், அவரையும் பிற உறுப்பினரையும் பிரித்துத் தோராயமாகவேனும் இதைக் கணிக்க இயலும். பிரிட்டனில் தொழிலாளர் கணக்கெடுப்பு விடைகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இவ்வகையினது என்பது வெளிப்படையாகப் பேசப்படுகிறது. இங்கும் வேலையின்மை விகிதம் வெளியாகும் அதே அட்டவணையில், ஆண், பெண், வயதுவாரியாக இவ்விகிதமும் வரவேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.

பதிவுக்கான வரையறையை இப்படி எழுதியிருக்கிறேன்: “பிறர்வாய்த் தகவல் – கணக்கெடுப்பில் ஒருவரது நிலை குறித்து, அவரிடம் கேட்காமல், அதே குடும்பத்தின் வேறோர் உறுப்பினரிடம் கேட்டுப் பெற்ற தகவல்.” ஓரிடம் மட்டும் இன்னும் தீரவில்லை. மாமியார் விடை சொல்லும்போது, உள்ளிருந்து மருமகள் குறுக்கிட்டுத் திருத்தினால் அது எவ்வகை? கேள்வி அவளை நோக்கிக் கேட்கப்பட்டிருந்தால் மட்டுமே தன்வாய்த் தகவல் எனக் கொள்ளலாம் என்று நினைக்கிறேன். களப்பணி செய்தவர்கள் இதுகுறித்து எழுதினால், வரையறையை அதற்கேற்பத் திருத்தி அடுத்த மடலில் இடுகிறேன்.