ஏற்காட்டுல ஆரஞ்சுத் தோல் காய வைக்க வழி சொல்லுங்க

வணக்கம்ங்க. கமலா ஆரஞ்சுத் தோலைக் காய வெச்சு, பாசிப்பயறோட அரைச்சு குளியல் பொடி பண்ணணும். ஆனா ஏற்காட்டு மூடுபனியில, முறத்துல பரப்பின தோல் சாயங்காலத்துக்குள்ள திரும்ப நமுத்துப் போயிடுது. உள்பக்க வெள்ளையில பச்சையா பூசணம் வேற. அந்த வெள்ளையைக் கரண்டியால வழிச்சுட்டு, மெல்லிசா நறுக்கிப் போட்டா கொஞ்சம் தேவலை. கசப்பும் அதுலதானே இருக்கு.

விறகடுப்புக்கு மேல பரண்ல வெச்சா புகை வாடை ஏறிடுமா? இல்ல, சேலத்துல இருக்குற அக்கா வீட்டு மொட்டை மாடிக்கே அனுப்பிடலாமா? (அங்க அடிக்கிற வெயிலுக்கு தோல் என்ன, நாமளே காஞ்சிடுவோம்!) ரொம்ப வெயில்ல கிடந்தா வாசனை போயிடுமேன்னுதான் யோசனை.

இன்னொண்ணு, ஆரஞ்சுத் தோல் வத்தக்குழம்புக்குக் காஞ்ச தோல் சரிப்படுமா, பச்சைத் தோல்தான் போடணுமா? செஞ்சு பார்த்தவங்க புளி, வெல்லம் அளவோட சொல்லுங்க.