ஓ.டி.பி.க்கு என் பரிந்துரை: ஒப்புதல் எண்

அனைவருக்கும் வணக்கம்.

பணம் அனுப்பும்போது வங்கி நம் கைப்பேசிக்கு அனுப்பும் ஆறு இலக்க எண்ணான ஓ.டி.பி.க்குத் தமிழில் என்ன சொல்வது என்று தொடங்கிய இந்த இழையில் 'ஒருமுறை கடவுச்சொல்' முன்னணியில் நிற்கிறது. 'ஒற்றைப்பயன் கடவுச்சொல்' இன்னும் துல்லியம் என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டையும் நான் ஏற்கவில்லை. சொல்லாக்கத்தில் குறை காணவில்லை, இலக்கணம் சரியாகவே இருக்கிறது. ஆனால் இந்தச் சொல்லை நம்பி ஒரு பெரியவர் தன் சேமிப்பை இழக்கக்கூடும். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட்டில். சுற்றிலும் ரப்பர், செம்பனை. பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்க, தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பெற்றோர் இங்கே இருக்கிறார்கள். பணம் வருவதும் போவதும் இப்போது கைப்பேசியில்தான். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து அவர்களுக்குக் கைப்பேசி சொல்லிக்கொடுக்கும் சிலரில் நானும் ஒருவன்.

இங்கே யாரும் ஓ.டி.பி. என்று சொல்வதில்லை. 'டேக் நம்பர்' என்றால்தான் தெரியும். மலேசிய வங்கிகள் டி.ஏ.சி. என்ற மூன்றெழுத்தைப் பழக்கிவிட்டன, அதைச் சேர்த்து வாசித்து டேக் ஆக்கிக்கொண்டோம். அந்த மூன்றெழுத்தை விரித்தால், பணப் பரிமாற்றத்துக்கு அதிகாரம் தரும் குறி என்று வரும். ஓ.டி.பி.யை விரித்தால், ஒரே ஒரு முறை செல்லும் கடவுச்சொல் என்று வரும். வங்கியிலிருந்து வரும் ஆறு இலக்கம் ஒன்றுதான். ஒரு பெயர் அது என்ன செய்யும் என்கிறது. இன்னொன்று அது எத்தனை முறை செல்லும் என்கிறது. தமிழாக்கத்துக்கு நாம் இரண்டாவதை எடுத்துக்கொண்டோம். முதலாவதை எடுத்திருக்க வேண்டும்.

மோசடிக்காரர்கள் பேசும் விதத்தைக் கேட்டால் நான் சொல்வது விளங்கும். "அங்கள், தெரியாம உங்க நம்பரைப் போட்டுட்டேன். உங்களுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்." அவ்வளவுதான். மிரட்டல் இல்லை, பணப் பேச்சே இல்லை. கடவுச்சொல்லைக் கேட்டால் பெரியவர் தரமாட்டார், அது தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். இந்த ஆறு இலக்கம் அவர் உருவாக்கியது இல்லை, அவர் மனப்பாடம் செய்ததும் இல்லை. எங்கிருந்தோ வந்தது, ஒருமுறைக்குத்தான், பிறகு செல்லாது. அதைச் சொன்னால் என்ன கெட்டுவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 'ஒருமுறை' என்ற அடைமொழி அந்த நினைப்புக்குத் துணை போகிறது. திருடனுக்கும் ஒருமுறைதானே வேண்டும்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. மலேசியாவில் வரும் பல வங்கிக் குறுஞ்செய்திகள் 'ஆர்.எம்.0' என்று தொடங்கும் (ஆர்.எம். என்பது ரிங்கிட், நாங்கள் வெள்ளி என்போம்). இந்தச் செய்திக்குக் கட்டணம் இல்லை என்பதே அதன் பொருள். எங்கள் மண்டபத்துக்கு வருபவர்களில் சிலர் அதை 'பூஜ்யம் வெள்ளி' என்று படித்து, பணம் எதுவும் போகவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு பணம் என்ற விவரம் அதற்குப் பிறகு மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அது வரைக்கும் படிக்கிறவர்கள் குறைவு. இப்படிப்பட்ட செய்திக்கு நாம் வைக்கும் பெயராவது நடக்கப்போவதைச் சொல்ல வேண்டும்.

> கலைச்சொல் துறை வல்லுநர்களுக்கானது. பொதுமக்களுக்கு விளக்கம் தனியாக எழுதிக்கொள்ளலாம்.

இழையில் ஒருவர் எழுதிய இது பல துறைகளுக்குப் பொருந்தும், மறுக்கவில்லை. நிரலாளருக்கு 'ஒருமுறை' என்பது உண்மையிலேயே முக்கியம். 2005இல் வந்த ஆர்.எஃப்.சி. 4226 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் எண்ணிக்கையை வைத்து இந்தக் குறியை உருவாக்கும் முறையைச் சொன்னது. 2011இல் வந்த ஆர்.எஃப்.சி. 6238 நேரத்தை வைத்து உருவாக்கச் சொன்னது. முப்பது நொடிக்கு ஒருமுறை மாறும் செயலிகள் அதன்படி நடக்கின்றன. அந்த ஆவணங்களைத் தமிழில் எழுதும்போது 'ஒருமுறை கடவுச்சொல்' இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் வங்கிச் செயலியின் திரையிலும் கோயில் அறிவிப்புப் பலகையிலும் வானொலியிலும் வரப்போகும் சொல்லுக்கு விளக்கம் தனியாக ஒட்டிக்கொண்டு வராது. தொலைபேசியில் ஒருவன் அவசரப்படுத்தும்போது பெரியவரிடம் இருப்பது அந்தச் சொல் மட்டும்தான்.

சரி, என்ன சொல் வைக்கலாம்?

'கையொப்ப எண்' என்பது எனக்கு முதலில் மிகவும் பிடித்திருந்தது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே என்று எங்கள் ஊரில் எல்லாரும் கேட்டு வளர்ந்தவர்கள், சொன்னவுடன் புரிந்துவிடும். ஆனால் மின்கையொப்பம் என்பது தனிப்பட்ட தொழில்நுட்பம். அதற்கென்று மலேசியாவில் 1997ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அந்த ஏற்பாட்டில் தனிச்சாவியும் பொதுச்சாவியும் உண்டு, இந்த ஆறு இலக்கத்தில் அவை இல்லை. இரண்டையும் ஒரே பெயரில் குழப்பக் கூடாது என்று அதை விட்டுவிட்டேன்.

'அனுமதி எண்' எல்லாருக்கும் தெரிந்த சொல்தான், ஆனால் கேட்டவுடன் லைசென்ஸ் எண், பெர்மிட் எண் என்று நினைவு போகிறது. தனித்தமிழ் விரும்பும் நண்பர்கள் 'இசைவெண்' என்றார்கள். சுருக்கமாக இருக்கிறது, எழுத்தில் அழகாகவும் இருக்கிறது. வாய்விட்டுச் சொன்னால் பாட்டு சம்பந்தப்பட்டது போல ஒலிக்கிறது. தொலைபேசியிலும் வானொலியிலும் வாழ வேண்டிய சொல்லுக்கு அது சரிப்படாது.

ஆகவே 'ஒப்புதல் எண்'. தமிழ்ப்பள்ளியிலிருந்து சுற்றுலாவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்டுத் தாள் வருகிறது. கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளை பேருந்தில் ஏறலாம். ஒப்புதல் என்றால் நான் சரி என்று சொன்னது, சொன்ன பிறகு காரியம் நடந்துவிடும் என்பது இந்த ஊரில் யாருக்கும் புதிதில்லை. "என் ஒப்புதல் எண்ணை உனக்கு எதற்குத் தரவேண்டும்?" என்று ஒரு பாட்டியால் கேட்க முடியும். "என் ஒருமுறை கடவுச்சொல்லை" என்று அவர் வாயில் வருமா?

அட்டையில் பணம் கட்டும்போது வரும் ரசீதிலும் ஒரு ஒப்புதல் குறி அச்சாகிறதே என்று கேட்கலாம். ஆம், வங்கி வணிகருக்குத் தரும் குறி அது. அதை 'ஏற்புக் குறி' என்று வைத்துக்கொண்டால் மோதல் தீரும்.

அடுத்தது, நுழைவு. வாட்ஸ்அப்பைப் புதுக் கைப்பேசியில் திறக்கும்போதும் ஆறு இலக்கம் வருகிறது. அதை அடுத்தவரிடம் சொன்னால் பணம் உடனே போகாது, கணக்கு போய்விடும். பிறகு அந்தக் கணக்கிலிருந்து சொந்தக்காரர் எல்லாருக்கும் "அவசரமா 500 வெள்ளி போட முடியுமா" என்று செய்தி போகும். இதையும் ஒப்புதல் எண் என்று சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. இதை 'நுழைவு எண்' என்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு சொல் இருந்தால் தமிழிலும் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று நம் கலைச்சொல் பட்டியல்கள் எழுதாத விதியாக வைத்திருக்கின்றன. ஆபத்து இரண்டு விதமானது என்றால் பெயரும் இரண்டாக இருக்கலாம். ஒன்று என் பணத்தை வெளியே விடுகிறது, மற்றது அந்நியனை உள்ளே விடுகிறது.

> டேக் வழக்கொழிந்து வருகிறது. போகிற பொருளுக்கு ஏன் புதுப்பெயர்?

இழையில் வந்த இந்தக் கேள்வி நியாயமானது. 2022 செப்டம்பரில் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்த நடவடிக்கைகளில் முதன்மையானதே குறுஞ்செய்தி வழி வரும் எண்ணைக் கைவிட்டு இன்னும் பாதுகாப்பான முறைக்கு மாற வேண்டும் என்பதுதான். கூடவே, புதிதாகப் பதிந்தவர் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும், ஒரு கணக்குக்கு ஒரு கருவிதான் என்ற விதிகளும் வந்தன. இப்போது வங்கிச் செயலியிலேயே ஒரு திரை திறந்து, தொகையைக் காட்டி, சம்மதமா என்று கேட்கிறது. எண்ணே இல்லை, ஒரு பொத்தான்தான். 'கடவுச்சொல்' என்று பெயர் வைத்திருந்தால் இந்த இடத்தில் அது செத்துவிடும். ஒப்புதல் பிழைத்துக்கொள்ளும்: ஒப்புதல் எண், ஒப்புதல் பொத்தான், ஒப்புதல் திரை. நாளைக்கு முகத்தைக் காட்டிச் சம்மதம் சொன்னாலும் அது முக ஒப்புதல். கருவி மாறும்போதெல்லாம் பெரியவர்களுக்கு முதலிலிருந்து பாடம் எடுக்கத் தேவை இருக்காது.

எங்கள் மண்ணில் இப்படிப் பெயர் வைத்த அனுபவம் இருக்கிறது. தமிழ்நாட்டில் எண்ணெய்ப்பனை என்பதை இங்கே செம்பனை என்கிறோம். எண்ணெய் ஆலையில் இறங்குவதற்கு முன், தோட்டத்தில் கண்ணில் படுவது சிவந்த குலைதான். உலர்ந்து கோடாக ஒட்டிக்கிடக்கும் பாலை ஒட்டுப்பால் என்றார்கள் ரப்பர் தோட்டத்தில். வேலை செய்கிறவர் பார்ப்பதையும் தொடுவதையும் வைத்துப் பிறந்த சொற்கள் நாளிதழிலும் பள்ளிப் பாடத்திலும் இடம்பிடித்தன. செம்பனைக்கு யாரும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கவில்லை.

ஒரு சொல் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 2022 ஏப்ரலில் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், வீடு சுத்தம் செய்யும் சேவை என்ற பெயரில் போலிச் செயலிகள் மலேசியாவின் எட்டு வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்தது தெரிந்தது. அந்தச் செயலியை ஏற்றிவிட்டால் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகள் தாமாகவே திருடனுக்குப் போய்ச் சேரும், யாரும் யாரிடமும் எதையும் படித்துக்காட்டத் தேவையில்லை. அந்த வகைக்கு வேறு பாடம் வேண்டும்: பிளே ஸ்டோருக்கு வெளியே எதையும் ஏற்றாதே, பணம் போனால் உடனே மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997ஐ அழை. அதற்கான கலைச்சொற்களைத் தனி இழையில் பேசலாம், ஆண்ட்ராய்டு செயலியை ஏற்றும் கோப்பான 'ஏ.பி.கே.' என்பதற்கே நம்மிடம் நல்ல சொல் இல்லை.

கடைசியாக எழுத்துமுறை. 'ஒப்புதலெண்' என்று சேர்த்தெழுத வேண்டும் என்று சொல்லப்போகும் நண்பர்களுக்கு: பிரித்தே எழுதுவோம். சிறிய திரையில், மூக்குக்கண்ணாடி தேடிக்கொண்டிருப்பவர் படிக்க வேண்டும். 'ஒப்புதல்' தனியாக நின்றால் கண் அதில் முதலில் விழும். கோயில் மண்டபத்துக்கு ஒட்டப்போகும் தாளை 'ஒப்புதல் எண் (டேக்)' என்று அச்சுக்குக் கொடுக்க நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் வரும் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து