நீள வீட்டில் வைஃபை ரோமிங் சோதனை: ஸ்கேனர் பழைய ரவுட்டரை விடவே மாட்டேன் என்கிறது

கும்பகோணம்_ரேழி எழுதியது:

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு, கையடக்க ஆண்ட்ராய்டு ஸ்கேனரில் ஓடும் ஆப் செய்து தருகிறேன். மூட்டைச் சீட்டை ஸ்கேன் செய்துகொண்டே ஆள் ஒரு குடோனிலிருந்து அடுத்த குடோனுக்குப் போகும்போது இணைப்பு அறுந்துவிடுகிறது. சில மூட்டை இரண்டு தடவை பதிவாகிறது, சில மூட்டை பதிவாவதே இல்லை. சுமை தூக்குகிறவர்களுக்கு மூட்டைக் கணக்கில்தான் கூலி. ஒரு மூட்டை விட்டுப்போனாலும் அது அவர்கள் வியர்வை. அதனால் இதைச் சரியாகச் சோதித்த பிறகே ஆலையில் கை வைப்பது என்று இருக்கிறேன்.

சாதனம் ஒரு ரவுட்டரை விட்டு அடுத்ததற்குத் தானாக மாறும் இந்த ‘ரோமிங்’கை முதலில் வீட்டில் சோதிக்கிறேன். எங்கள் வீடு தெருவாசலிலிருந்து கொல்லை வரை நீண்டு கிடக்கும் பழைய வீடு. ரேழியில் ஒரு ரவுட்டர், இரண்டாங்கட்டில் ஒன்று. இரண்டிலும் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான திறந்த மென்பொருள்), ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், வேகமாக மாற உதவும் 802.11ஆர் போட்டாயிற்று. ஆனால் முற்றம் திறந்து கிடப்பதால் ரேழி சிக்னல் கிணற்றடி வரை வந்துவிடுகிறது. ஸ்கேனர் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. நேற்று அம்மாவிடம் கேட்டு எவர்சில்வர் அண்டாவை வாங்கி, ரேழி ரவுட்டரை உள்ளே வைத்து மூடினேன். வயர் போக மூடியை ஒரு விரல் அளவு தூக்கி வைத்ததில், சிக்னல் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. வேறு வழி உண்டா?

திருச்சி_அலைவரிசை எழுதியது:

தம்பி, அண்டா நல்ல யோசனைதான். கசிவது அந்த இடைவெளியில். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 6 செ.மீ. அதில் பாதி நீளத்துக்குப் பிளவு இருந்தாலே தாராளமாக வெளியே வரும். மூடி ஒரு பக்கம் தூக்கியிருந்தால் பிளவு அதைவிடப் பல மடங்கு நீளம் ஆயிற்றே. கழற்றக்கூடிய ஆன்டெனா உள்ள ரவுட்டர் என்றால், ஆன்டெனாவுக்கு முன்னால் 20 அல்லது 30 டெசிபல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் சிறு துண்டு) திருகிப் போடுங்கள். ரவுட்டரில் பவரைக் குறைப்பது மட்டும் போதாது. அது ரவுட்டர் பேசுவதைத்தான் குறைக்கும், ஸ்கேனர் பேசுவது அப்படியே பலமாகக் கேட்கும். அட்டெனுவேட்டர் இரண்டு பக்கமும் குறைக்கும்.

இன்னொன்று. ரோமிங் என்பது ஒரே வேலை இல்லை. எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது, அடுத்ததைத் தேடுவது, அங்கே போய்ச் சாவி மாற்றிக்கொண்டு சேர்வது என்று மூன்று இருக்கிறது. 802.11ஆர் மூன்றாவதை மட்டும்தான் சுருக்கும். அக்கம்பக்கத்து ரவுட்டர் பட்டியலைத் தந்து தேடலைக் குறைப்பது 802.11கே. ‘அங்கே போ’ என்று ரவுட்டர் சொல்வது 802.11வி, அதுவும் கோரிக்கைதான். முடிவு எப்போதும் கையில் இருக்கும் சாதனத்துடையது. ஐபோனை எடுத்துக்கொண்டால் சிக்னல் பலம் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே போனால்தான் தேடவே ஆரம்பிக்கும் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. உங்கள் ஸ்கேனருக்கு எந்த அளவு என்று தெரியாமல் நடந்து நடந்து பார்ப்பதில் பலனில்லை.

அதனால் மூன்றையும் பிரித்துச் சோதியுங்கள். ஒரு லினக்ஸ் மடிக்கணினியில் டபிள்யூபிஏ சிஎல்ஐ என்ற வைஃபை கட்டளைக் கருவியைத் திறந்து ‘ரோம்’ கட்டளையுடன் இரண்டாவது ரவுட்டரின் பிஎஸ்எஸ்ஐடியை, அதாவது அதன் வைஃபை முகவரியைக் கொடுத்தால், உட்கார்ந்த இடத்திலேயே மாறும். முதலில் இரண்டு ரவுட்டரையும் 36ஆம் சேனலில் வையுங்கள். மானிட்டர் மோடில், அதாவது காற்றில் போவதை எல்லாம் கேட்கும் நிலையில், ஒரே வைஃபை டாங்கிள் போதும், இரு பக்கத்து ஃபிரேமும் (வைஃபை செய்தித் துண்டு) விழும். அவற்றைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் ஆதன்டிகேஷன் அல்காரிதம் எண் 2 என்று வந்தால் வேகமான வழியில் மாறியிருக்கிறது. 0 என்று வந்து, பின்னால் நான்கு சாவிச் செய்திகள் வந்தால் பழைய வழி. ஆனால் ஒரே சேனலில் தேடும் நேரம் தெரியாது, எனவே பிறகு 36, 149 என்று பிரித்து மறுபடி செய்யுங்கள். 52 மாதிரி சேனல் வேண்டாம். ரேடார் இருக்கிறதா என்று 60 வினாடி காத்திருந்துதான் தொடங்கும், மின்வெட்டு வந்து போகிற ஊரில் பொறுமை போய்விடும்.

வடுவூர்_வயல் எழுதியது:

நான் குடோன் பக்கம் ஆள். காலி குடோனில் சோதித்து ஏமாந்தவன் என்பதால் சொல்கிறேன். நெல் மூட்டையை அட்டி போட்டு கூரை வரை ஏற்றிய பிறகு அது சுவர். கொள்முதலுக்கு 17 சதவீதம் வரை ஈரப்பதம் இருக்கலாம் என்பது விதி. அந்த நீரும் சேர்ந்து சிக்னலை உறிஞ்சும். சம்பா அறுவடையில் ஒரு மாதிரி, அரைத்து அட்டி கரைந்த பிறகு வேறு மாதிரி. வீட்டில் அட்டெனுவேட்டரை மாற்றி மாற்றி இரண்டு நிலையையும் பார்த்துவிடுங்கள். அப்புறம் இரண்டாவது ரவுட்டரின் வயர் லேன் (உள் வலை) துளையில் இருக்கிறதா, ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அதில் நிறுத்தியாயிற்றா? வேன் (இணையம் வரும்) துளையில் செருகினால் மாறியதும் ஐபி முகவரியே மாறும். இணைப்பு அறுபட அதுவே போதும்.

கும்பகோணம்_ரேழி எழுதியது:

வடுவூர் அண்ணே, வேன் துளையில்தான் செருகியிருந்தேன். மாற்றிவிட்டேன். திருச்சி சார் சொன்னபடி மடிக்கணினியில் செய்து பார்த்ததில் எண் 2 வந்தது, பிங் (இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தி) ஒன்றுகூட விடவில்லை. ஸ்கேனர் மட்டும் இன்னும் 0. அதற்கு 802.11ஆர் தெரியாது போலிருக்கிறது, ஆலைக்காரரிடம் மாடல் எண் கேட்டிருக்கிறேன். அதற்குள் ஆப்பில் ஒரு வேலை முடித்தேன். ஸ்கேன் ஆன மூட்டை முதலில் ஸ்கேனரிலேயே பதிவாகும், சர்வர் ‘வந்தது’ என்று சொன்ன பிறகே அழியும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் தனி எண் இருப்பதால் இரண்டு தடவை போனாலும் ஒன்றாகத்தான் ஏறும். அட்டெனுவேட்டர் வியாழக்கிழமை வருகிறது. அம்மாவிடம் அண்டாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.