‘ஓஈ’ பிழைக்குறியீடு: சலவை இயந்திரத்திலிருந்து தண்ணீர் வெளியேறவில்லை

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டிலுள்ள, முன்பக்கக் கதவு கொண்ட சலவை இயந்திரம் மூன்று நாட்களாக அலசும் கட்டத்தில் நின்று, தண்ணீர் வெளியேறவில்லை என்பதைக் குறிக்கும் ‘ஓஈ’ குறியீட்டைக் காட்டுகிறது. மின்இணைப்பைத் துண்டித்து, தேங்கிய நீரை வடித்து, கீழுள்ள வடிகட்டியைக் கழற்றியதில் ஒரு சட்டைப் பொத்தானும் நூல்கழிவும் கிடைத்தன. அவற்றை அகற்றியும் பயனில்லை. வெளியேற்றுக் குழாய் எங்கும் மடங்கவில்லை.

இயந்திரத்தின் நீரை வெளியேற்றும் பம்ப் உறுமும் ஓசை கேட்பதால் மின்சாரம் அதற்குச் செல்கிறது என்றே கருதுகிறேன். உள்ளிருக்கும் விசிறி சிக்கியிருக்குமோ, அல்லது எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு படிந்து குழாயை அடைத்திருக்குமோ என்பதே ஐயம். பம்பைக் கழற்றாமலேயே இதை உறுதிசெய்ய வழியுண்டா? படுக்கையிலிருக்கும் அம்மாவின் துணிகளை நாள்தோறும் துவைக்க வேண்டியிருப்பதால், அனுபவமுள்ளவர்கள் விரைந்து வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.