மலாவி பட்ஜெட்: ரெண்டு பேருக்கு 4 லட்சம் போதுமா?

கோத்தகிரிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரம்மாவும் அடுத்த வருஷம் ஜூன் ஜூலை வாக்குல ஆப்பிரிக்கால மலாவி போலாம்னு இருக்கோம். எங்களுக்கு கொஞ்சம் தேயிலை இருக்கு, சிறு விவசாயிதான். 1800கள் கடைசிலயே அங்க தேயிலை போட ஆரம்பிச்சிட்டாங்கன்னு படிச்சேன், அதுல இருந்து தியோலோ, முலாஞ்சே பக்கம் அந்த தோட்டங்களை ஒருதடவ நேர்ல பாத்துடணும்னு ஒரே ஆசை. கோயமுத்தூர்ல ஏஜென்ட்டுங்ககிட்ட கேட்டா கென்யா, தான்சானியா பேக்கேஜ் மட்டும்தான் காட்றாங்க, அதனால நானே உக்காந்து கணக்கு போட்டேன்.

16 நாளைக்கு, ரெண்டு பேருக்கு: ஃப்ளைட் 1,60,000, தங்குறதுக்கு 48,000, சாப்பாடு 24,000, உள்ளூர் பஸ் வண்டி 20,000, விசா இன்சூரன்ஸ் எல்லாம் 30,000. மொத்தம் 2,82,000 வருது. கையில 4 லட்சம் இருக்கு. முலாஞ்சே மலை, மலாவி ஏரில கேப் மெக்லியர் கரை, அதே ஏரில லிக்கோமா தீவு, வடக்க மலைமேல இருக்குற நியிகா பார்க், இந்த நாலும் பாக்கணும். ஏழை நாடுதானே, இதுக்கு மேல எதுக்கு ஆகப்போகுதுன்னு தோணுது. போனவங்க, இருந்தவங்க யாராவது சொல்லுங்க.

பழனிமலை ஷோலா:
சார் வணக்கம், நான் கொடைக்கானல். மலாவில பிளான்டையர் நகரத்துல வேலைல இருந்தேன், அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன். உங்க கணக்குல சாப்பாடு சரி, தங்குறது சுமாரா சரி, ஆனா அந்த 20,000 இருக்கு பாருங்க, அது சுத்தமா பத்தாது. மலாவில சாப்பிடறதுக்கும் படுக்கறதுக்கும் காசு ஆகாது, ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு போறதுலதான் காசு கரையும். ஏழை நாடுன்னா டூரிஸ்ட்டுக்கும் சீப்பா இருக்கும்னு நினைக்காதீங்க. பஸ்ஸும் ரயிலும் நம்மூர் மாதிரி ஓடுற இடத்துலதான் சீப்பா சுத்த முடியும், அங்க அது கிடையாது.

மேப்ப பாருங்க, நாடு தெக்கு வடக்கா நீளமா கிடக்கு, 800 கிலோமீட்டருக்கு மேல. முலாஞ்சே தெக்கு கோடி, நியிகா வடக்கு கோடி. நடுவுல மினிபஸ் இருக்கு, ஆள் ரொம்பினாதான் எடுப்பான். ஒரு வரிசைல மூணு பேர் சீட்டுல நாலு பேர், காலுக்கு அடில மக்காச்சோள மாவு மூட்டை, பின்னாடி இருந்து டிக்கெட் காசு கை மாறி கை மாறி முன்னாடி போகும், மீதி சில்லறை அதே வழில திரும்பி வரும். ஆளுங்க ரொம்ப மரியாதையானவங்க, பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா காலைல 7 மணிக்கு ஏறி உக்காந்து 10 மணிக்கு வண்டி நகர்ந்தா அன்னைக்கு நாள் போச்சு, நடுவுல எங்கயோ ராத்திரி தங்கணும், அந்த ரூம் வாடகை உங்க கணக்குலயே இல்ல. மெயின் ரோட்ட விட்டு இறங்கினா பிக்கப் வண்டி பின்னாடி உக்காந்து போறதுதான், இல்லன்னா சைக்கிள் டாக்ஸி.

டிரைவரோட கார் எடுத்தா ஒரு நாளைக்கு 80ல இருந்து 120 டாலர் மனசுல வெச்சுக்கோங்க, எண்ணெய் காசு தனி. அந்த எண்ணெயே ஒரு பிரச்சனை. கடல் இல்லாத நாடு, பெட்ரோல் டீசல் எல்லாம் மொசாம்பிக், தான்சானியா துறைமுகம் வழியாதான் வரணும், டாலர் தட்டுப்பாடு வந்தா பங்க்ல வண்டிங்க மைல் கணக்குல நிக்கும், அன்னைக்கே மினிபஸ் டிக்கெட்டும் ஏறிடும். 2024லயும் அதுக்கப்புறமும் இது அடிக்கடி நடந்துச்சு. அதனால போக்குவரத்துக்குன்னு போட்ட தொகைல கால்பங்கு கூட வெச்சுக்கணும், நாள்லயும் ஒண்ணு ரெண்டு சும்மா விட்டு வைங்க.

அடுத்தது பணம். கணக்க அந்த ஊர் காசு குவாச்சால போடவே போடாதீங்க, டாலர்ல போடுங்க. 2023 நவம்பர்ல ஒரே நாள்ல டாலர் 1,180 குவாச்சா வாக்குல இருந்தது 1,700க்கு போயிடுச்சு, அதுக்கு முன்னாடி யாராவது எழுதின விலைய வெச்சு கணக்கு போட்டா ஒண்ணும் ஒட்டாது. லாட்ஜ், பார்க் கட்டணம் எல்லாம் வெளிநாட்டுக்காரங்களுக்கு டாலர்லதான் சொல்வாங்க. கார்டு பெரிய ஹோட்டல்ல மட்டும் ஓடும், ஏடிஎம்ல ஒரு தடவைக்கு கொஞ்சம்தான் வரும், சின்ன ஊர்ல மெஷின்லயே காசு இருக்காது. அதனால டாலர் நோட்டாவே கொண்டு போங்க, நம்ம ரிசர்வ் பேங்க் ரூல்படி ஒரு பயணத்துக்கு ஒருத்தர் 3,000 டாலர் வரைக்கும் நோட்டா எடுத்துட்டு போலாம். நோட்டு புதுசா இருக்கணும், கிழிசல், பேனா கிறுக்கல், பழைய வருஷத்து நோட்டு எதையும் வாங்க மாட்டாங்க. ரோட்ல கூப்பிட்டு ரேட் ஜாஸ்தி தரேன்னு சொல்வாங்க, அது சட்டவிரோதம், போகாதீங்க.

என் யோசனை, நாலு இடத்த ரெண்டா குறைங்க. தெக்க முலாஞ்சே, தியோலோ, அப்புறம் ஏரி. நியிகாவும் லிக்கோமாவும் இன்னொரு தடவ பாத்துக்கலாம்.

குன்னூர் ஃபேக்டரி:
அண்ணே, மேல சொன்னவர் பட்ஜெட் விஷயத்துல சொன்னது எல்லாம் கரெக்ட். நான் தேயிலைய பத்தி மட்டும் சொல்றேன். நீங்க ஜூன் ஜூலைல போனா இலை பறிக்கிறத சரியா பாக்கவே முடியாது. அங்க மழை நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும், இலை வரத்து பெரும்பங்கு அந்த மாசங்கள்லதான். ஜூன் ஜூலைல செடி தூங்கும், ஃபேக்டரிலயும் வேலை கம்மி. அதோட தெக்க மொசாம்பிக் பக்கத்துல இருந்து சிப்பெரோனின்னு ஒரு குளிர் தூறல், மூடுபனி வந்து முலாஞ்சேய நாள்கணக்குல மூடிடும். அவ்வளவு செலவு பண்ணி போய் கோத்தகிரில பாக்குற பனியையே பாத்துட்டு வரணுமா? ஏப்ரல் கடைசி, மே முதல்ல போங்க. மழை விட்டிருக்கும், தோட்டம் பச்சையா இருக்கும், இலையும் வந்துட்டு இருக்கும், கூட்டம் ஏறாததால ரூமும் பேசி வாங்கலாம்.

அப்புறம் நியிகாவ வெட்ட சொன்னத நான் ஒத்துக்க மாட்டேன். 2,000 மீட்டருக்கு மேல புல்வெளி, நடுநடுவுல பள்ளத்துல மட்டும் சோலைக்காடு, அப்படியே நம்ம முக்குருத்தி பக்கம் இருக்குற அமைப்பு, அதுல வரிக்குதிரை மேயும். நீலகிரிக்காரன் பாக்க வேண்டிய இடம் அது. லிக்கோமாவ விட்ருங்க, அங்க போக கப்பல நம்பணும், அந்த பழைய இலாலா கப்பல் ரிப்பேர்ல நின்னா தீவுலயே மாட்டிக்குவீங்க.

பழனிமலை ஷோலா:
மேடம், நியிகா அருமையான இடம்தான், மறுக்கல. ஆனா நியிகா உள்ள தங்குற இடமான செலிண்டா வரைக்கும் ரோடு மோசம், மழை முடிஞ்ச கையோட போனா ஃபோர் வீல் டிரைவ் இல்லாம ஏறாது, அந்த வண்டி வாடகையும் பார்க் கட்டணமும் மட்டுமே அவரோட மிச்சக் காச முழுசா சாப்பிட்டுடும். 4 லட்சத்துக்குள்ளன்னா நியிகா கஷ்டம். யானை, நீர்யானை பாக்கணும்னா தெக்கயே லிவோண்டே பார்க் இருக்கு, முலாஞ்சேல இருந்து ஏரிக்கு போற வழிலயே வந்துடும்.

கூடலூர் நர்ஸ்:
சார், மருந்து செலவ யாருமே சொல்லலையே. ஃப்ளைட் பெரும்பாலும் எத்தியோப்பியால அடிஸ் அபாபா இல்ல கென்யால நைரோபி வழியா வரும், ரெண்டு நாடும் மஞ்சள் காய்ச்சல் இருக்குற நாடுங்க லிஸ்ட்ல இருக்கு. ஊசி போட்ட கார்டு இல்லாம வந்தா திரும்பி வரும்போது நம்ம ஏர்போர்ட்ல 6 நாள் வரைக்கும் தனியா வெக்கலாம். ஏர்போர்ட்ட விட்டு வெளில போகாம மாறினவங்களுக்கு விலக்கு உண்டு, ஆனா அது அங்க இருக்குற அதிகாரி ஒத்துக்கிட்டாதான், அதனால ஊசி போட்டுட்டு போறதே நிம்மதி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடறாங்க, கிளம்புறதுக்கு 10 நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும், ஒருதடவ போட்டா ஆயுசுக்கும் செல்லும். சென்னை போயிட்டு வர செலவையும் சேத்துக்கோங்க.

மலேரியா நாடு பூராவும் உண்டு. நாம மலைல இருக்குறவங்க, கொசுவலைய கட்டி பழக்கம் இல்ல, அதனால தடுப்பு மாத்திரைய டாக்டர்கிட்ட எழுதி வாங்கி ஒழுங்கா சாப்பிடுங்க, வந்ததுக்கு அப்புறமும் அவர் சொல்ற நாள் வரைக்கும் நிறுத்தாதீங்க. ஏரித்தண்ணில நத்தை மூலமா பில்ஹார்சியான்னு ஒரு புழு தோல் வழியா ஏறும், குளிச்சீங்கன்னா திரும்பி வந்து கொஞ்ச வாரம் கழிச்சு டெஸ்ட் பண்ணி மாத்திரை போட்டுக்கணும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது வேற நாட்டு ஆஸ்பத்திரிக்கு ஃப்ளைட்ல கொண்டு போற செலவு அதுல இருக்கான்னு பாத்து எடுங்க, இதுல மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க.

கோத்தகிரிக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வீட்ல உக்காந்து திரும்ப போட்டோம். மே முதல் வாரம், 14 நாள், தியோலோ, முலாஞ்சே, லிவோண்டே, கேப் மெக்லியர் மட்டும். டிரைவரோட கார் 7 நாளைக்கு, எண்ணெயோட சேத்து 95,000 போட்டிருக்கேன், மீதி நாள் ஒரே இடத்துல இருந்து நடக்குறதுதான். மருந்து, இன்சூரன்ஸ் தனியா 25,000. அவசரத்துக்குன்னு தொடாத காசு 40,000. வீட்டுக்காரம்மாவுக்கு நியிகா போகலையேன்னு மனசு ஆறல, அவங்களுக்கு வரிக்குதிரைய விட அந்த சோலைய பாக்கணும். ஒரே ஒரு கேள்வி, நாங்க சைவம், ஏரிக்கரைல மீன்தான்னு சொல்றாங்க, சமாளிக்கலாமா?

பழனிமலை ஷோலா:
தாராளமா. என்சிமான்னு மக்காச்சோள மாவுல களி மாதிரி கிண்டுவாங்க, பீன்ஸ் குழம்போ பூசணி இலை கீரையோ தொட்டுக்க கேளுங்க, வயிறு ரொம்ப வரும். கீரைல வேர்க்கடலை பொடி போட்டு சமைக்கறது ரொம்ப நல்லா இருக்கும். கருவாட்டுப் பொடி சேக்காம பண்ணுங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க. பிளான்டையர் பக்கத்துல லிம்பேல குஜராத்திக்காரங்க கடை இருக்கு, பருப்பு, மசாலா அங்கயே வாங்கிட்டு ஏரிக்கு கிளம்புங்க. டிரைவர்கிட்ட மட்டும் கிளம்பறதுக்கு முந்தின நாளே டேங்க் ரொப்பி வெக்க சொல்லுங்க சார்.