ஜியோ கொடுத்த ஓசி: போட்டியா, அடாவடியா?

ரீசார்ஜ்கடை:
2016 செப்டம்பரில் ஜியோ இறங்கியபோது டேட்டா ஓசி என்றார்கள். முதலில் டிசம்பர் வரை, அப்புறம் 2017 மார்ச் வரை. அன்றைக்கு என் கடையில் ஏழெட்டு நிறுவனங்களின் கார்டு தொங்கும், இன்று எண்ணினால் நாலு. ஜியோவின் முதலாளி ரிலையன்ஸ் செய்ததுபோல எண்ணெய்ச் சுத்திகரிப்பில் சம்பாதித்ததை இன்னொரு தொழிலில் கொட்டி அடுத்தவனைச் சாய்ப்பது போட்டி என்றால், பணக்காரன் ஒருவன் ஆறு மாதம் ஓசி டீ ஊற்றி பக்கத்து டீக்கடையை மூடவைப்பதும் போட்டிதான். அரசு வேடிக்கைதானே பார்த்தது?

கணக்குப்பிள்ளை:
அண்ணே, அதற்கு முன்னால் 1 ஜிபிக்கு 200 ரூபாய்க்கு மேல் கொடுத்தோமே, மறந்துவிட்டதா? மூடிப்போன ஏர்செல்லை எடுத்துக்கொள்ளுங்கள், அதை ஜியோ மட்டும் சாய்க்கவில்லை. கடன் கழுத்துவரை இருந்தது, அனில் அம்பானியின் ஆர்காம் நிறுவனத்தோடு இணையும் திட்டம் 2017 அக்டோபரில் முறிந்தது, 2018 பிப்ரவரியில் திவால் மனு போட்டார்கள். வேடிக்கை பார்த்தார்கள் என்பதும் சரியில்லை. இந்த ஓசி பற்றிய ஏர்டெல் புகாரை, சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் பரிசீலித்துத்தான் 2017 ஜூனில் தள்ளியது.

ரீசார்ஜ்கடை:
எதற்காகத் தள்ளியது? போட்டிச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி அடக்கவிலைக்குக் கீழே விற்பது எப்போது குற்றம் என்றால், விற்பவன் ஏற்கெனவே சந்தையில் ஆதிக்கம் செலுத்தினால்தான். ஜியோ புதுசு, வாடிக்கையாளர் குறைவு, ஆகவே ஆதிக்கம் இல்லை. அட, ஆதிக்கம் வந்த பிறகு எவன் ஓசியில் கொடுப்பான்? நிறுவனத்தின் அளவையும் வளத்தையும் பார்க்கலாம் என்று அதே சட்டத்தின் 19(4)இல் இருக்கிறதே.

கணக்குப்பிள்ளை:
பார்த்தார்கள். பணபலம் மட்டுமே ஆதிக்கம் ஆகிவிடாது என்றார்கள். ஏர்டெல்லும் வோடபோனும் என்ன ஏழைகளா?

லைன்மேன்மகன்:
பிஎஸ்என்எல்லை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். நாடு முழுக்க 4ஜி நடத்த அதற்கு அலைக்கற்றை ஒதுக்க அமைச்சரவை முடிவெடுத்ததே 2019 அக்டோபரில்தான், அதற்குள் ஜியோவுக்கு வயது மூன்று. பந்தயத்தில் ஓடச் சொல்லிவிட்டு சொந்தக் குதிரைக்கே கொள்ளு வைக்காத அரசிடம் போய் நியாயம் கேட்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
அதைத்தான் நானும் சொல்கிறேன். பிஎஸ்என்எல் அரசுடையது. வோடபோன் ஐடியா கட்டவேண்டிய பாக்கியைப் பங்காக மாற்றிக்கொண்டு அதிலும் அரசுதான் இப்போது பெரிய பங்குதாரர். அலைக்கற்றையை விற்பதும் அதுவே. இந்தக் கையில் இன்னும் அதிகாரம் கொடுக்கணுமா? 2024இல் விலை ஏறிய பிறகும் 1 ஜிபி பழைய விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனக்கு அது போதும்.

ரீசார்ஜ்கடை:
விலை இறங்கியது நிஜம், மறுக்கவில்லை. ஒருத்தன் ஏற்றினால் இன்னொருத்தனிடம் போகலாம், அதுதானே போட்டி? புது விலை ஏர்டெல்லில் 2024 ஜூலை 3, ஜியோவில் 2024 ஜூலை 3. வி என்கிற வோடபோன் ஐடியா மட்டும் ஒருநாள் பொறுத்தது.