பக்கத்து வீட்டு நாய் ஓயாமல் குரைத்தால்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

முதல் வேலையாக போலீஸுக்குப் போன் போடாதீர்கள். நாய் குரைப்பது அவர்கள் வேலை இல்லை. அவசரமில்லாத விஷயத்துக்கான போலீஸ் எண் 101-க்கு அடித்தாலும், கவுன்சிலை, அதாவது உள்ளூர் நிர்வாகத்தைப் பாருங்கள் என்றுதான் சொல்வார்கள். விலங்கு நலத் தொண்டு அமைப்பான ஆர்எஸ்பிசிஏவும் அப்படித்தான். நாயைப் பட்டினி போடுகிறார்கள், அடிக்கிறார்கள் என்றால் கேட்பார்கள், வெறும் குரைப்புக்கு வர மாட்டார்கள்.

நம் ஆட்களில் ஒரு வகை, வந்த இடத்தில் நமக்கெதற்கு வம்பு என்று மாசக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள். இன்னொரு வகை, ஒருநாள் ராத்திரி சுவரில் ஓங்கித் தட்டிக் கத்துபவர்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆள்தான், நடுவில் ஆறு மாசம் ஓடியிருக்கும், அவ்வளவே.

பக்கத்து வீட்டுக்காரருக்கு விஷயமே தெரியாமல் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அவர் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகுதானே அது ஆரம்பிக்கிறது! சாயங்காலம் அவர் கதவைத் திறக்கும்போது வாலாட்டிக்கொண்டு சமர்த்தாக நிற்கும். வளர்ந்த நாயையே நாலு மணி நேரத்துக்கு மேல் தனியாக விடாதீர்கள் என்று டாக்ஸ் டிரஸ்ட் மாதிரி நாய் நல அமைப்புகள் சொல்கின்றன. காலை எட்டுக்குப் போய் மாலை ஆறுக்கு வருகிற வீட்டில் நாய் என்ன செய்யும், கத்தத்தான் செய்யும்.

அதனால் முதலில் அவரிடம் சொல்லுங்கள். சனி, ஞாயிறு பகலில் கதவைத் தட்டலாம். ஆங்கிலம் தடுமாறும் என்ற தயக்கம் இருந்தால் நாலு வரி எழுதி லெட்டர் பாக்ஸில் போட்டாலே போதும்: பக்கத்து வீட்டில் இருக்கிறோம், நீங்கள் வெளியே போனதும் நாய் ரொம்ப நேரம் குரைக்கிறது, உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று சொல்கிறோம், அதற்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இந்த ஊரில் நாயைக் குறை சொல்வது பெற்ற பிள்ளையைக் குறை சொல்வது மாதிரி. போடுவதற்கு முன் அந்தக் கடிதத்தை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்தே ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பியுங்கள். "எப்போதும் குரைக்கிறது" என்று எழுதினால் கவுன்சிலில் செல்லாது. "செவ்வாய், காலை 9.10 முதல் 9.50 வரை, இடைவிடாமல், ஜன்னலை மூடியும் படுக்கை அறையில் கேட்டது, குழந்தை எழுந்துவிட்டது" என்று இருக்க வேண்டும். புகார் கொடுத்தால் கவுன்சில் முதலில் கேட்பதே இதைத்தான்.

இரவு 11 முதல் காலை 7 வரை நடந்தால்தான் புகார் செய்யலாம் என்று ஒரு கதை நம்மவர்களிடம் சுற்றுகிறது. தப்பு. 1990-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் நேரக் கணக்கும் இல்லை, டெசிபல் கணக்கும் இல்லை. பகல் சத்தமானாலும் கவுன்சில் விசாரித்தே ஆக வேண்டும். ஆனால் நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் ஒன்று கவனியுங்கள் (கேர் ஹோம், ஆஸ்பத்திரி என்று நம்மில் பாதிப் பேர் அதுதான்): சராசரி மனிதருக்கு அது தொந்தரவா என்றுதான் பார்ப்பார்கள். நீங்கள் பகலில் தூங்குகிறவர் என்பதற்காகத் தனிச் சலுகை கிடையாது. ஆகவே பகல் தூக்கம் போச்சு என்பதை மட்டும் எழுதாமல், சத்தம் எவ்வளவு நேரம் நீள்கிறது, வாரத்தில் எத்தனை நாள் என்பதை எழுதுங்கள்.

கவுன்சிலில் என்விரான்மென்டல் ஹெல்த் (சுற்றுச்சூழல் சுகாதாரம்) பிரிவுதான் இதைப் பார்க்கும். வழக்கமாக முதலில் அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் போகும், முக்கால்வாசி அதோடு அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஆதாரம் திரட்டி, தொந்தரவு உண்மை என்று உறுதியானால் தொந்தரவை நிறுத்தச் சொல்லும் அபேட்மென்ட் நோட்டீஸ் கொடுப்பார்கள். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய நாய்க்காரருக்கு 21 நாள் உண்டு. நோட்டீஸை மீறினால் கோர்ட், அபராதம். கவுன்சில் கையை விரித்தாலும், அதே சட்டத்தின் 82-ஆம் பிரிவில் நீங்களே மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகலாம். அதற்கு மூன்று நாள் முன்னதாக நாய்க்காரருக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். கைக்காசு போகும், அதனால் நீங்கள் நோட்டில் குறித்து வைத்த ஆதாரம் பலமாக இருந்தால் மட்டும் போங்கள்.

புகார் கொடுத்தால் விசாவுக்குப் பிரச்சினை வருமா என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வாடகைக்கு இருப்பவர்கள், பக்கத்து வீடும் கவுன்சில் வீடோ ஹவுசிங் அசோசியேஷன் (லாப நோக்கில்லாமல் வீடு வாடகைக்கு விடும் அமைப்பு) வீடோ என்றால், அந்த வீட்டு நிர்வாகத்துக்கும் எழுதுங்கள். குடியிருப்பு ஒப்பந்தத்தில் பக்கத்தவருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்ற நிபந்தனை அநேகமாக இருக்கும்.

சொந்த வீடு வாங்கியவர்கள் மட்டும் கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டும். பிற்காலத்தில் வீட்டை விற்கும்போது டிஏ6 என்ற படிவத்தில் அக்கம்பக்கத்தாரோடு தகராறு, புகார் ஏதாவது உண்டா என்று கேட்பார்கள். மறைத்தால் வாங்கியவர் வழக்குப் போடலாம். இதற்காகப் புகாரே செய்யாமல் இருக்க வேண்டாம், நேரில் பேசுவதை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் செய்து பார்த்துவிட்டு அப்புறம் போங்கள்.

அப்புறம், வேலிக்கு மேலாக மிச்சச் சோறு போட்டு நாயைச் சிநேகம் பிடிக்கலாம் என்று சிலர் யோசிக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். வெங்காயம், பூண்டு, பாயசத்தில் போடுகிற உலர் திராட்சை எல்லாமே நாய்க்கு விஷம். நாளைக்கு அதற்கு ஏதாவது ஆனால், குரைப்பதைப் பற்றிப் புகார் கொடுத்த உங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள்.